ஓர் அறைக்காக ரஷ்ய மொழி

வீட்டுக்கு யார் வந்தாலும் என் மனைவி ஒரு கதை சொல்வாள்.

"என் தம்பி இன்னிக்கு யுனிவர்சிட்டியில ரஷ்ய மொழியும் இலக்கியமும் சொல்லிக் குடுக்கிறான்னா, அதுக்கு இவர்தாங்க காரணம். தன் படிப்பையே தியாகம் பண்ணி அவனை ஆளாக்கினார்."

வந்தவர்கள் என்னைக் கையெடுத்துக் கும்பிடாத குறையாகப் பார்ப்பார்கள். நான் தலையைக் குனிந்துகொள்வேன். அடக்கம் என்று நினைப்பார்கள். இல்லை, சந்தேகம். பன்னிரண்டு வருஷமாக எனக்கு இந்தக் கதைமேல் சந்தேகம். இருபத்தாறு வருஷத் தாம்பத்தியத்தில் அவள் என்னைப் புகழ்ந்தது இந்த ஒரே விஷயத்துக்குத்தான். அங்கேதான் எனக்கு இடித்தது.

நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். நீங்களே யோசித்துப் பாருங்கள்.

அப்போது நான் குடிநீர் அலுவலகத்தில் புகார்ப் பிரிவில் இருந்தேன். பத்து மணியிலிருந்து ஐந்து மணிவரை, குழாயில் தண்ணீர் வராதவர்கள் என்னைத் திட்டுவார்கள். வீட்டுக்கு வந்தால், நம் குழாயிலும் வரவில்லை என்று மனைவி திட்டுவாள். நிம்மதியாக உட்கார்ந்து வருத்தப்பட எனக்கு ஓர் இடம் தேவைப்பட்டது. பெரிய ஆசையில்லை. ஒரு மேஜை, ஒரு நாற்காலி, உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள்.

அப்படி ஓர் அறை எங்கள் வீட்டிலேயே இருந்தது. அதில் மச்சினன் இருந்தான்.

அவனைத் தெருவே 'திருத்தம்' என்றுதான் கூப்பிடும். எங்கே தப்பு இருந்தாலும் அவனுக்கு மூக்கில் வேர்க்கும். சட்டைப்பையில் எப்போதும் சிவப்புப் பேனா. மின்சார பில்லைத் திருத்துவான். கல்லூரியில் வாத்தியாரின் கேள்வித்தாளைத் திருத்தி வெளியே வந்தான். மூன்று கம்பெனிகளில் மேனேஜரின் கடிதத்தைத் திருத்தி வெளியே வந்தான். எதிர்வீட்டுக் கேட்டில் 'நாய்கள் ஜாக்கிரதை' என்று போர்டு. ஒரு நாய்தானே இருக்கிறது, எதற்குக் 'கள்' என்று கேட்கப் போய்க் கடி வாங்கி வந்தான். கடித்ததும் ஒரே நாய்தான் என்று அதையும் ஆதாரமாகக் காட்டினான். வயது இருபத்தாறு. படி என்றால் படிக்க மாட்டான். போ என்றால் போக மாட்டான்.

ஒருநாள் சபதம் எடுத்தேன். அந்த அறையைக் கைப்பற்றுவது. கேட்டால் கிடைக்காது. படிப்பு என்று சொன்னால் கிடைக்கும். பல்கலைக்கழகத்தில் மாலை நேரப் பட்டப்படிப்புகள் இருந்தன. சரித்திரம் படித்தால் மனைவி கேள்வி கேட்பாள். கணக்குப் படித்தால் காய்கறிக்காரரோடு பேரம் பேச அனுப்புவாள். ரஷ்ய மொழியும் இலக்கியமும் என்றால் வாயைத் திறக்க முடியாது. நான் என்ன முணுமுணுத்தாலும் அது பாடம்தான்.

"யுனிவர்சிட்டியில சேரப் போறேன்" என்றேன்.

"எதுக்கு?"

"ரஷ்ய மொழி."

"எதுக்குன்னு கேட்டேன்."

"அறிவுக்கு."

"அது சரி. லேட்டானாலும் தேவைதான்."

"படிக்கத் தனி ரூம் வேணும்."

அவள் என்னைப் பார்த்தாள். அறையைப் பார்த்தாள். உள்ளே, பல்பொடி டப்பாவில் இருந்த எழுத்துப்பிழையைத் திருத்திக்கொண்டிருந்த தம்பியைப் பார்த்தாள்.

"எடுத்துக்குங்க" என்றாள்.

இவ்வளவு சீக்கிரம் அவள் எதற்குமே சம்மதித்ததில்லை. அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும். சந்தோஷத்தில் யோசிக்கவில்லை.

"ஆனா ஒண்ணு. படிக்கிறவங்களுக்குத்தான் அந்த ரூம். முதல் வருஷம் பாஸ் பண்ணிட்டா ஆயுசுக்கும் உங்களுது. பண்ணலைன்னா வீட்டுல வேற யார் படிக்கிறாங்களோ அவங்களுக்கு."

வீட்டில் வேறு யார் படிக்கப் போகிறார்கள்? தைரியமாகத் தலையாட்டினேன்.

"இன்னொண்ணு. தினம் சாயங்காலம் பாடத்தைத் தம்பிகிட்ட ஒப்பிச்சுடுங்க. அவன் புத்தகத்தை வெச்சுக்கிட்டுக் கேப்பான்."

"அவனுக்கு ரஷ்ய மொழி தெரியாதே!"

"தப்புக் கண்டுபிடிக்க எதுக்குங்க மொழி?"

திருத்தம் கூடத்துக்கு மாறினான். நான் அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டேன். உலகத்திலேயே அழகான சத்தம் அதுதான்.

அந்த அழகு மூன்று நாள்தான். தமிழில் எட்டு வேற்றுமையோடு வளர்ந்தவன் நான். ரஷ்ய மொழியில் ஆறுதான் என்றதும், இரண்டு தள்ளுபடி என்று மகிழ்ந்தேன். அந்த ஆறும் சேர்ந்து பதினாறு பேர் அடிக்கிற அடியை அடித்தன. 'போகிறேன்' என்று சும்மா சொல்ல முடியாது. நடந்து போகிறாயா, வண்டியிலா? ஒரு தடவையா, தினமுமா? என் மனைவி வாசலில் நின்று கேட்கிற கேள்விகளையெல்லாம் அந்த மொழி வினைச்சொல்லுக்குள்ளேயே வைத்திருந்தது. ஓர் எழுத்துக்குச் சத்தமே கிடையாது. முன்னால் நிற்கிற எழுத்தை மென்மையாக்குவதோடு சரி. அதை மட்டும் சட்டென்று புரிந்துகொண்டேன். எங்கள் வீட்டில் என் வேலையும் அதுதான்.

சாயங்காலம் ஏழு மணிக்கு ஒப்பித்தல். திருத்தம் கட்டிலில் சம்மணம் போட்டு, மடியில் புத்தகத்தோடு உட்காருவான். நான் கையைக் கட்டிக்கொண்டு நிற்பேன்.

"தப்பு."

"இன்னும் ஆரம்பிக்கவே இல்லையேடா!"

"மூச்சை இழுத்த விதமே தப்பு அத்தான். அழுத்தம் ரெண்டாவது அசையில வரணும். நீங்க முதல்லயே அழுத்தப் பாக்கறீங்க."

எனக்கு எல்லா அசையிலும் அழுத்தமாகத்தான் இருந்தது.

முதல் மாதம் புத்தகத்தைப் பார்த்துத் திருத்தினான். மூன்றாவது மாதம் பார்க்காமல் திருத்தினான். நான் பத்துத் தப்புச் செய்தால் பத்துக்கும் விதி வேண்டுமாம் அவனுக்கு. விதியைத் தேடிப் பிடித்து வந்து, அதற்கு விலக்கையும் சொல்லுவான். அவன் முகத்தில் அப்படியொரு களை வந்தது. என் முகத்திலிருந்துதான் அது போயிருக்க வேண்டும்.

இலக்கியம் இன்னும் மோசம். அந்த ஊர்க் கதைகளில் ஒரு மனிதருக்குச் சொந்தப் பெயர், அப்பா பெயர், குடும்பப் பெயர், போதாததற்குச் செல்லப் பெயர். பாடத்திலிருந்த ஒரு சிறுகதைக்கு நான் ஆறு பக்கம் சுருக்கம் எழுதினேன்.

"அத்தான், இந்தக் கதையில எத்தனை பேர்?"

"பதினாலு பேர்."

"நாலு பேர். ஒருத்தரை நீங்க ரெண்டு தடவை சாகடிச்சிருக்கீங்க. இந்தப் பொண்ணை அவளுக்கே கல்யாணம் பண்ணி வெச்சிருக்கீங்க."

"கடைசியில அவ சந்தோஷமாத்தானே இருக்கா?"

"இல்லை. தன்னையே விவாகரத்துப் பண்ணிட்டான்னு எழுதியிருக்கீங்க."

சமையலறையிலிருந்து மனைவியின் குரல் வரும். "நல்லாத் திருத்துடா! அத்தான் பாஸாகணும்!"

அந்தக் குரலில் இருந்த அக்கறையில் எனக்குக் கண் கலங்கியிருக்கிறது. அதை இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

வருஷக் கடைசி. எழுத்துத் தேர்வில் விளிம்பில் தொங்கினேன். வாய்மொழித் தேர்வில் நாற்பது வாங்கினால் பாஸ். பாஸானால் அறை. "துணைக்குத் தம்பியைக் கூட்டிட்டுப் போங்க, உங்களுக்குப் படபடப்பு வரும்" என்று அனுப்பினாள் மனைவி. அவன் தாழ்வாரத்தில் பெஞ்சில் உட்கார்ந்தான். கதவு திறந்திருந்தது.

துறைத் தலைவி கண்ணாடியை இறக்கிக்கொண்டு, ரஷ்ய மொழியில் ஒரு கேள்வி கேட்டார். என் குடும்பத்தைப் பற்றி. நான் பதில் சொன்னேன்.

"தப்பு" என்றது தாழ்வாரம்.

அவர் நிமிர்ந்தார். நான் அதே பதிலை மாற்றிச் சொன்னேன்.

"இன்னும் தப்பு. இப்ப அக்காவை ஆம்பளையாக்கிட்டீங்க."

"யாரது?" என்றார் துறைத் தலைவி.

"என் மச்சினன், மேடம். மன்னிச்சுக்குங்க. அவனுக்கு அது ஒரு வியாதி."

"உள்ளே வரச் சொல்லுங்க."

வந்தான். அவர் கேட்டார். அவன் சொன்னான். அவர் வேகமாகக் கேட்டார். அவனும் வேகமாகச் சொன்னான். அவர் கரும்பலகையில் ஏதோ எழுதினார். அவன் எழுந்து போய் அதில் ஓர் எழுத்தை அழித்துவிட்டு வேறு எழுத்தைப் போட்டான். மூன்று கம்பெனி, ஒரு கல்லூரி, ஒரு நாய் எல்லாம் கண்முன் வந்தன.

துறைத் தலைவி பலகையை வெகுநேரம் பார்த்தார். அவர் முகம் மெல்ல மலர்ந்தது.

"பதினெட்டு வருஷமா இங்கே நான் வேணும்னே ஒரு தப்பு எழுதறேன். இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்லை."

இழுப்பறையிலிருந்து சேர்க்கை விண்ணப்பத்தை எடுத்தார். திருத்தம் அதை என் பேனாவால், என் மேஜையில் வைத்து நிரப்பினான். நான் நின்றுகொண்டிருந்தேன். அச்சடித்த விண்ணப்பத்தில் இரண்டு பிழைகளையும் திருத்திக் கொடுத்தான்.

எனக்கு வந்தது இருபத்திரண்டு மார்க். அன்று சாயங்காலமே அறை கைமாறியது. இப்போது அதில் தரையிலிருந்து கூரைவரை அவன் புத்தகங்கள். நான் கூடத்தில், எல்லோருக்கும் நடுவில் உட்கார்ந்து வருத்தப்படுகிறேன்.

தற்செயல் என்றுதான் என்னை நானே தேற்றிக்கொண்டேன். கெட்டதை நினைக்கிற மனசு என்னுடையது, அவள் பாவம் என்றுகூடச் சொல்லிக்கொண்டேன். போன வாரம்வரைக்கும்.

போன வாரம் எதிர்வீட்டு அம்மா வந்திருந்தார். சமையலறையில் பேச்சு. நான் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

"என் பொண்ணு புத்தகத்தையே தொட மாட்டேங்கறாக்கா. எப்பப் பாரு அடுத்தவங்க தப்பைத்தான் சொல்லிட்டிருக்கா."

"என் தம்பியும் அப்படித்தானே இருந்தான். அவளைப் படின்னு சொல்லாதே. உன் வீட்டுக்காரரை எதுலயாவது சேர்த்துவிடு. அவர் ஒப்பிக்கிறதை இவளைக் கேக்கச் சொல்லு. திருத்தித் திருத்தியே படிப்பு ஏறிடும்."

"எங்க வீட்டுக்காரர் கொஞ்சம் கெட்டிக்காரராச்சே."

"அப்ப கஷ்டம்தான். பாஸ் பண்ணித் தொலைச்சுட்டா எல்லாம் வீணாப் போயிடும். நாளெல்லாம் தப்புப் பண்ணணும், ஆனா பாதியில விடவும் கூடாது. அந்த மாதிரி ஆளு அமையறது கொடுப்பினை."

பேப்பரை மடித்து வைத்தேன். எதிர்வீட்டு அம்மா போகும்வரை காத்திருந்தேன். பன்னிரண்டு வருஷக் கேள்விகள் வரிசையில் நின்றன. எப்போது திட்டம் போட்டாய், அந்தத் துறைத் தலைவிக்கும் இதில் பங்குண்டா, கதவைத் திறந்து வைத்தது யார்? சமையலறை வாசலுக்குப் போனபோது எல்லாம் உதிர்ந்து ஒன்றுதான் மிஞ்சியது. அவள் திரும்பிப் பார்த்தாள்.

"உண்மையைச் சொல்லும்மா. அந்த ஒரு வருஷத்துல, நான் பாஸ் பண்ணிடுவேனோன்னு உனக்கு ஒரு நாளாவது பயம் வந்துச்சா?"