மேயரை ஜெயிக்க வைத்த கை

சும்மா நிற்பது எனக்கு நன்றாக வரும். தி.நகர் ஜவுளிக்கடையில் இருபத்துநான்கு வருடமாக நிற்பவன். அதிலும் ஒருமுறை கோட்டை விட்டேன்.

எங்கள் முதலாளி அண்ணாச்சிக்கு நாடக ஆசை. மயிலாப்பூர் சபா ஒன்றில் போட்டார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் எங்கோ சீமையில் நடந்த மேயர் தேர்தல் தகராறு. அண்ணாச்சிதான் வேட்பாளர். கவுன்சிலர்கள் ஏழு பேர். மூன்று பேர் அவருக்குக் கை தூக்குவார்கள். நான்கு பேர் விலைபோனவர்கள், சும்மா நிற்பார்கள். அவர் தோற்று, கோர்ட்டுக்குப் போவார். விலைபோன நால்வரில் நான் ஒருவன். வசனம் கிடையாது.

திரை தூக்குமுன் அண்ணாச்சி வந்தார்.

“ஏல, கை தூக்காம நிக்கதுதான் ஒன் வேல. அதயும் கெடுத்த, நாளைக்குக் கடைப்பக்கம் வராத.”

மகளுக்குக் காலேஜ் முதல் வருடம். இரண்டு கைகளையும் கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டேன். (பை சின்னது.)

ஓட்டுக் கட்டம் வந்தது. கவுன்சில் தலைவராக நடித்த சபாக்கார மாமா, ஆதரிப்பவர்கள் கையை உயர்த்தலாம் என்று சொல்ல வேண்டும். மறந்துவிட்டார். அண்ணாச்சிக்குப் பொறுக்கவில்லை. அவரே கேட்டார், கடைக் குரலில்.

“சம்மதம்னா கை தூக்குங்கல.”

தினமும் கடை திறக்குமுன் எங்களை வரிசையில் நிறுத்தி, எதையாவது சொல்லி, கடைசியில் இதைத்தான் கேட்பார். பதினெட்டு வருடப் பழக்கம். நான் தூக்கவில்லை. கையே பையைக் கிழித்துக்கொண்டு போனது.

மாமாவுக்கு அதற்குள் வசனம் ஞாபகம் வந்துவிட்டது. “ஆதரவு மூன்று. இவர் தோற்றார்.”

“மூணா? நாலுன்னா இருக்கு,” என்றார் முன்வரிசைக்காரர் ஒருவர்.

“நானும் எண்ணிண்டுதான் இருக்கேன்,” என்றார் பக்கத்து மாமி. “கோட்டு கிழிஞ்சவரை விட்டுட்டேளே.”

சபா முழுக்கச் சத்தம். பக்கத்தில் நின்ற கவுன்சிலர், “கைய எறக்கு நைனா,” என்றார். இறங்கவில்லை. அண்ணாச்சி திரும்பி என்னைப் பார்த்தார். வேலை போயிற்று என்று முடிவு செய்தேன்.

அடுத்தது கோர்ட். அண்ணாச்சி வசனத்தை மாற்றினார். “எனக்கு விழுந்த ஓட்டை மறைத்துவிட்டார்கள்.” சபையே சாட்சி; கேஸ் ஜெயித்தது. கைதட்டல் அடங்கவில்லை.

வேஷம் கலைக்கும்போது என்னைக் கூப்பிட்டார்.

“நாளைக்கு வா. அது வாடகைக் கோட்டு, தச்சுக் குடுத்துரு.”

ஆறு வருடம் ஆகிறது. வீட்டில் நான் முரண்டு பிடித்தால் மகள் அண்ணாச்சி குரலில் கேட்பாள். போன மாதம் பெங்களூர் வேலைக்குப் போகிறேன் என்றாள். வேண்டாம் என்றேன்.

“சம்மதம்னா கை தூக்குங்கல.”

தோள்வரை போனது. சட்டென்று இறக்கிவிட்டேன்.

“நான் பாத்துக்கினுதான் கீறேன்,” என்றாள் என் மனைவி. “வுழுந்துச்சு ஓட்டு.”

மகள் இப்போது பெங்களூரில்.