மூன்று மேஜை தாண்டிய டெலெக்ஸ்

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால்: 1984 மார்ச் முதல் தேதி தொடங்கி, சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்திலுள்ள நம் சரக்குக் கம்பெனியின் டெலெக்ஸ் அறையில், தான் இன்னார் என்று நிரூபிக்காத எவருக்கும் ஒரு துண்டுத் தாள்கூடக் கிடைக்காது.

கையெழுத்து, மேனேஜர் தங்கராஜு. அறைப் பொறுப்பாளர் சிலுவைராஜ் அதை மூன்று முறை படித்தார். மூன்று முறையும் மெய்சிலிர்த்தது.

அதுவரை, வெளியூர்ச் செய்திகள் டெலெக்ஸ் எந்திரத்திலிருந்து மேல்தாளும் கார்பன் நகலுமாகக் கடகடவென்று வந்து விழும். ஆட்கள் அள்ளிக்கொண்டு போவார்கள். இனி ஒவ்வொரு தாளுக்கும் பாஸ், கையெழுத்து, அன்றைய ரகசிய எண்.

பூப்பிரிவு மாணிக்கம் பதினோராவது முறையாக வந்து நின்றான்.

"பாஸ்?"

"அண்ணே, காலையிலேருந்து பத்து தடவை பார்த்துட்டீங்க லா! அதே மூஞ்சிதான்!"

"அது அப்ப வந்த மூஞ்சி. இப்ப வந்த மூஞ்சிக்கு என்ன அத்தாட்சி?"

வரிசை படிக்கட்டுக்கு வந்தது. சிலுவைராஜ் கையெழுத்தைச் சரிபார்க்க இரண்டாவது மேஜை போட்டார். வரிசை கார் நிறுத்துமிடத்தைத் தொட்டது. முதல் இரண்டு மேஜைகளையும் சரிபார்க்க மூன்றாவது மேஜை வந்தது. வரிசை பஸ் ஸ்டாப்புக்குப் போனது. கோப்பி போடும் அல்போன்சம்மாள் மட்டும் குவளைத் தட்டோடு அறைக்குள் வந்தாள், போனாள்.

தங்கராஜு ஜன்னல் வழியே பார்த்துப் பிரமித்தார். "நம்மகிட்ட இவ்வளவு பேர் வேலை செய்றாங்கன்னே எனக்குத் தெரியாது, சிலுவைராஜ்!"

பிற்பகல் மூன்று மணிக்கு ஒரு தாள் மூன்றாவது மேஜையைத் தாண்டியது. 'டோக்கியோ விமானம் முன்கூட்டியே ஒரு மணிக்குப் புறப்படும். ஆர்க்கிட் பெட்டிகளை உடனே ஏற்றவும்.'

சிலுவைராஜ் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"நாப்பது பெட்டி!" என்றார் தங்கராஜு. "பூ வாடியிருந்தா, நாளைக்கு நீங்க வர வேணாம்."

இருவரும் கிடங்குக்கு ஓடினார்கள். ஒரு பெட்டிகூட இல்லை. பன்னிரண்டரைக்கே ஏற்றியாகிவிட்டதாம்.

சிலுவைராஜ் சிலுவை போட்டுக்கொண்டார். தங்கராஜுவின் கண் கலங்கியது. "செய்தி வெளிய வர்றதுக்கு முந்தியே வேலை முடிஞ்சிருக்கு! இதுக்குப் பேர்தான்யா சிஸ்டம்!"

கிடங்கில் காலிக் குவளைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்த அல்போன்சம்மாள் நிமிர்ந்தாள்.

"நீங்க மூஞ்சி பார்த்துக்கிட்டு இருந்தீங்க. பாவம், அவசரமாச்சேன்னு மேல்தாளையெல்லாம் கோப்பியோட அவங்கவங்க கையில நானே குடுத்துட்டேன். உங்க மேஜையில இருக்கிறது கார்பன்."

"உன் பாஸ் எங்க?" என்றார் தங்கராஜு.

"எனக்கு இன்னும் பாஸே குடுக்கல, சார்."