ஏரிக்கரையில் பெரட்டு

திகாம் பத்து என்ற ஊருக்கும் குருண் என்ற ஊருக்கும் நடுவே பிறந்தவர்களில், உல்லாசப் பயணத்தைத் தோட்ட வேலையாக மாற்றத் தெரிந்தவர் ஒருவர்தான் உண்டு. எங்களுக்கு அவர் மண்டோர். அவருடைய சொந்தப் பெயர் கடப்பிதழில் இருக்கிறது; அதைப் படித்த குடிநுழைவு அதிகாரிக்கு மட்டுமே தெரியும்.

ரப்பர் தோட்டத்தில் மரம் சீவுகிறவர்களை மேய்ப்பது மண்டோரின் வேலை. விடிவதற்கு முன் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுவார். அதுதான் பெரட்டு. பிறகு பக்கத்து மரத்தில் உள்ளங்கையை வைப்பார். பட்டை காய்ந்திருந்தால் வேலை. ஈரமாக இருந்தால் பால் பட்டையில் வழிந்து வீணாகும். எல்லாரும் வீட்டுக்குப் போகலாம். தோட்டத்தை அழித்துத் தாமான் என்று வரிசை வீடுகள் கட்டி, அதில் நாங்களே வீடு வாங்கிக் குடியேறியும் ஆயிற்று. மண்டோர் மட்டும் வேலையை விடவில்லை. கல்யாண வீட்டுப் பந்தியில்கூடப் பெயர் கூப்பிட்டுத்தான் ஆளை உட்கார வைப்பார்.

சென்ற ஆண்டு, தீபாவளி கழிந்து மூன்றாவது வியாழக்கிழமை, அவர் தலைமையில் பதினொரு பேர் சுமத்ராவிலுள்ள தோபா ஏரிக்குப் புறப்பட்டோம். மலைகளுக்கு நடுவே கடல்போல ஓர் ஏரி; அதன் கரையில் பராபாட் என்ற சுற்றுலா ஊர். பயணமே மண்டோரின் மனைவி சரோஜா அக்காவுக்காகத்தான். அக்காவுக்கு வலது கண் போய்விட்டது. இடது கண்ணிலும் பார்வை ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டே வந்தது. இன்னும் எத்தனை மாதம் என்று சொல்ல முடியாது என சுங்கைப் பட்டாணி நகரத்து டாக்டர் கையை விரித்துவிட்டார்.

“முப்பது வருசம் மரத்தையே பாத்துட்டேன். ஒரு தடவ அந்த ஏரி நடுவுல படகுல நின்னு, சுத்தி மலையப் பாத்துட்டாப் போதும்” என்றார் அக்கா.

பினாங்கு விமான நிலையத்திலேயே பெரட்டு தொடங்கிவிட்டது. மண்டோர் எண்ணினார். பன்னிரண்டு வந்தது.

“ஒரு ஆள் கூட இருக்கே! யார்லா அது?”

வரிசையைக் கண்டதும் ஏதோ சோதனை என்று நினைத்து, ஒரு சீனப் பெரியவர் கடப்பிதழோடு எங்கள் பின்னால் பணிவாக நின்றுகொண்டிருந்தார். போகச் சொல்லியும் போக மறுத்தார்.

பராபாட் போய்ச் சேரும்போது இருட்டிவிட்டது. மறுநாள் வெள்ளி. காலை ஐந்து பத்துக்குக் கதவு இடிபட்டது. ஹோட்டல் வாசலில் போர்வையைச் சுற்றிக்கொண்டு நடுங்கி நின்றோம். மண்டோர் பெயர் கூப்பிட்டார். ஹோட்டல் தோட்டத்து ஊசியிலை மரத்தில் கையை வைத்தார்.

“மரம் ஈரம். இன்னிக்கு இல்ல. போய்ப் படுங்க.”

“அண்ணே, நாம மரமா சீவ வந்தோம்? படகுலதான போறோம்?” என்றேன்.

“ஈரத்துல படகுத்துறை வழுக்கும்லா தம்பி. அவ விழுந்தா நீ தூக்குவியா?”

இதற்கு ஒரு காரணம் உண்டு. ரப்பர் தோட்டத்தில் ஒருமுறை, மானேஜர் நெருக்கினார் என்று மண்டோர் ஈரத்தில் ஆட்களை இறக்கினார். சரோஜா அக்கா பால் வாளியோடு சறுக்கி முழங்காலை உடைத்துக்கொண்டார். அதன்பின் மண்டோர் ஈர மரத்துக்கு யாரையும் அனுப்பியதே இல்லை.

பதினொரு பேரில் ஏழு பேர் அவரிடம் மரம் சீவியவர்கள். பேரப்பிள்ளை எடுத்த வயதிலும் மறுபேச்சில்லாமல் போய்ப் படுத்துவிட்டார்கள். பத்து மணிக்கு வெயில் பளீரென்று அடித்தது.

“அண்ணே, காஞ்சிருச்சு!”

“பெரட்டுல இல்லன்னா இல்லதான்.”

சுமத்ராவுக்குப் பறந்து வந்து நாங்கள் அன்று கண்டது வெங்காயச் சந்தை. அக்கா அதற்கும் வரவில்லை. மண்டோரோடு படகில் போனால்தான் போவது என்று அறையிலேயே இருந்துவிட்டார்.

சனிக்கிழமையும் மரம் ஈரம். மலையில் விடிகாலை மரம் ஈரமாகத்தான் இருக்கும் என்று அந்த ஊர் நாய்க்குக்கூடத் தெரியும். பழைய சீவுக்காரி முனியம்மா பொங்கிவிட்டார்.

“யோவ் மண்டோரு! அது ரப்பர் மரமில்லய்யா! அது பொறந்ததுலேர்ந்து ஈரம்தான்!”

கடைசியில் பகல் ஒன்றரை மணிக்கு மனிதர் இறங்கி வந்தார். படகுத்துறைக்குப் போனோம். படகு தயாராக நின்றது. ஏறுவதற்கு முன் பெரட்டு. ஏழாவது பெயரைக் கூப்பிடும்போது மழை வந்துவிட்டது. பதினொன்று முடிவதற்குள் படகுக்காரர் படகைக் கட்டிவிட்டு வீட்டுக்கே போய்விட்டார். அக்கா மழையின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். பார்த்துக்கொண்டிருந்தாரா, கேட்டுக்கொண்டிருந்தாரா என்று தெரியவில்லை.

ஞாயிறு காலை எட்டு மணிக்குத் திரும்பும் வேன். ஆறு மணிக்கு வெளியே வந்தால் நான்கு அடிக்கு அப்பால் ஒன்றும் இல்லை, பனிமூட்டம். மண்டோர் மரத்தருகே போனார். கையை நீட்டினார். தொடாமலே எடுத்துக்கொண்டார்.

“போலாம்” என்றார். யார் பெயரையும் கூப்பிடவில்லை.

படகு ஏரியின் நடுவுக்குப் போய் நின்றது. மண்டோர் அக்காவின் தோளைப் பிடித்து ஒவ்வொரு திசையாகத் திருப்பினார். “இந்தப் பக்கம் மலை. இந்தப் பக்கம் தீவு. இங்கிட்டும் மலைதான்…” எல்லாத் திசையும் ஒரே வெள்ளை.

அக்கா கேட்டார்: “உங்களுக்கெல்லாம் எப்படித் தெரியுது?”

முனியம்மாதான் சொன்னார். “வெள்ளையா இருக்குடி. வேற ஒரு மண்ணும் தெரியல.”

“அப்பாடா” என்றார் அக்கா. “எனக்கு மட்டும்தான்னு பயந்துட்டேன்.”

படகே குலுங்கும்படி சிரித்தோம். மண்டோர் சிரிக்கவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்தார், பனி என்றார்.

இனி அந்த மனிதரோடு பக்கத்துத் தெரு மளிகைக் கடைக்குக்கூடப் போகமாட்டேன் என்று ஊர் திரும்பியதும் எல்லாரிடமும் சொன்னேன். மாசி மாதத்தில் அக்காவின் இடது கண்ணும் போயிற்று.

போன செவ்வாய்க்கிழமை மண்டோர் என் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“அவள மறுபடியும் அங்க கூட்டிட்டுப் போறேன் தம்பி.”

“அண்ணே, அக்காவுக்கு இனிமே…”

“தெரியும்லா. படகுக்கு அடியில தண்ணி தட்டுற சத்தம் நல்லாருந்துச்சாம். அத இன்னொரு தடவ கேக்கணுங்கிறா.” துண்டை உதறித் தோளில் போட்டார். “பெரட்டு கெடையாது. அவ எந்திரிக்கிறப்பத்தான் எல்லாரும் எந்திரிக்கணும். நீ வர்றியா?”

“எந்தத் தேதி அண்ணே?” என்று கேட்டேன்.