முப்பது படிவங்களில் ஒரு சொட்டுகூட இல்லை

முப்பது படிவங்களிலும் ஒரு பிள்ளைகூடப் படுக்கையை நனைக்கவில்லை.

பிரவீணனுக்கு வியர்த்தது. ஜெர்மனியின் ஆஹென் நகரில் மருத்துவம் படிக்கும் அவனுடைய ஆய்வே, பிள்ளைகளின் சிறுநீர்க் கோளாறுகளைக் கண்டறியும் ஜெர்மன் வினாத்தாளைப் பாரசீகம் பேசும் குடும்பங்களுக்கு ஏற்ப மாற்றுவதுதான். கோளாறு இல்லையென்றால் ஆய்வு இல்லை. ஆய்வு இல்லையென்றால் பட்டம் இல்லை. கொலோன் நகரில் இருக்கும் அம்மா யோகமோ, ஊர் முழுக்க அவனை எப்போதோ டொக்டராக்கிவிட்டிருந்தார்.

அவரிடமே தொலைபேசியில் முறையிட்டான்.

“வெக்கத்தில மறைக்கினம் அம்மா.”

“பின்னை? நீ ஏழு வயசு வரைக்கும் நனைச்சதை நான் ஆருக்கும் சொன்னனானே?”

“அம்மா, அதை விடுங்கோ.”

“‘உங்கட பிள்ளை’ எண்டு கேட்டால் எந்தத் தாய் எழுதுவாள்? ‘வீட்டில ஒராள்’ எண்டு போடு. பேர், வயசு ஒண்டும் கேக்காதை.”

அப்படியே மாற்றி, பாரசீகப் பெண்கள் சங்கத்தின் செயலாளர் ஃபரிபாவிடம் கொடுத்தான். வயது உண்மையிலேயே வேண்டாமா என்று அவர் இரண்டு தடவை கேட்டார். வேண்டவே வேண்டாம் என்றான், பெருந்தன்மையோடு.

மறுவாரம் படிவங்களில் வெள்ளம். இரவில் நான்கு தடவை எழும்புதல். நெடுஞ்சாலையில் ஒவ்வொரு பெட்ரோல் நிலையத்திலும் இறங்குதல். கேட்டால் ஒன்றுமில்லை என்று சாதித்தல். மருத்துவர் என்றதும் குளியலறையில் ஒளிதல்.

முப்பதிலும் இதே கதை. ஆய்வை மேற்பார்வையிட்ட பேராசிரியை மிரண்டுபோனார். பிள்ளைகளின் சிறுநீரகத்தோடு விளையாட முடியாது என்று சொல்லி, சங்கத்தின் வழியாக மூன்றே நாளில் அத்தனை பேருக்கும் டெர்மின், அதாவது மருத்துவரைப் பார்க்க நேரம், போட்டுவிட்டார். பிரவீணன் பரிசாகக் கொடுக்க முப்பது ஒட்டகச்சிவிங்கி ஸ்டிக்கர்கள் வாங்கினான்.

வியாழன் காலை, மனைவிமார் கையைப் பிடித்து இழுத்துவர, முப்பது நரைத்த மீசைகள் சிறுவர் பிரிவுக்குள் நுழைந்தன. ஒருவர் குட்டி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு, அதையும் சேர்த்துக்கொண்டு எழுந்தார். இன்னொருவர் கழிப்பறை எங்கே என்று விசாரித்தார். உடனே வரிசை உண்டானது.

பேராசிரியை கதவடியில் நின்று பிரவீணனையே பார்த்தார். தன் பட்டம் சொட்டுச் சொட்டாக வடிவது அவனுக்குத் தெரிந்தது.

“பிள்ளைகள் எங்கே?” என்று ஃபரிபாவிடம் ஜெர்மன் மொழியில் கேட்டான்.

“பள்ளிக்கூடத்தில். அவர்களுக்கு என்ன?”

“இது பிள்ளைகளுக்கான படிவம்.”

“தெரியும், டொக்டர்.” ஃபரிபா கணவரின் கோட்டைக் கழற்றி முயல் வடிவக் கொக்கியில் மாட்டினார். “பெரியவர்களுக்கு டெர்மின் கேட்டால் எட்டு மாதம் ஆகும்.”