ஸ்மார்ட் போர்டில் குடியிருந்த கிராணி

ஈப்போ பக்கம், செமோரைத் தாண்டி உள்ளே போனால் செம்மண் சடக்குத் தோட்டம். பெயர்தான் தோட்டம். ரப்பர் மரம் ஒன்றுகூடக் கிடையாது. செம்பனை, வரிசை வீடுகள், நடுவில் ஒரு தமிழ்ப்பள்ளி. அவ்வளவுதான். கல்வி அதிகாரி வந்தால்கூட நாலு இடத்தில் வழி கேட்டுத்தான் வருவார். அப்படிப்பட்ட பள்ளியின் வேலியோரம் அந்தத் திங்கட்கிழமை காலையில் கார்கள் சடக்கு முனைவரை நின்றன. ரோஜாக் பலகார வண்டி வந்துவிட்டது. சில்லென்று செண்டோல் விற்கும் வண்டியும் வந்துவிட்டது. பீடோரிலிருந்து ஒரு சீனத்து அங்கிள் ஊதுவத்திக் கட்டோடு வந்திருந்தார். ஆயர் தாவார் கூட்டம் வேன் பிடித்து, புளிச்சோறு கட்டிக்கொண்டு வந்திருந்தது.

தமிழ்க் கல்வி மேல் இவ்வளவு பாசமா என்று நினைத்துவிடாதீர்கள். எல்லாரும் லாட்டரிக்கு நம்பர் எடுக்க வந்தவர்கள்.

ஐந்தாம் ஆண்டு வகுப்பிலிருந்த ஸ்மார்ட் போர்டு தானாக எழுதுகிறதாம்! யாரும் தொடவில்லை, கோடு விழுகிறது. சுழி விழுகிறது. புள்ளி துடிக்கிறது. அந்த வகுப்பறை இருப்பது பழைய தோட்ட ஆபீஸ் இருந்த இடத்தில். அப்படியானால் எழுதுவது யார்? ஆபீசில் உட்கார்ந்து ஆட்களுக்குச் சம்பளக் கணக்கு எழுதிய பழைய கிராணி. செத்துப்போயும் வேலைக்கு வருகிறார். அதுவும் கணக்குப் பாடத்துக்கு மட்டும் வருகிறார். இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்?

வேலிக்கு வெளியே நின்றபடி ஜன்னல் வழியாக ஆளுக்கொரு நம்பர் எடுத்தார்கள். ஒருவருக்கு ஏழாகத் தெரிந்த சுழி இன்னொருவருக்கு ஒன்பதாகத் தெரிந்தது. "அம்மோய், இது நாலா, ஒம்பதா?" என்று பீடோர் அங்கிள் தனக்குத் தெரிந்த தமிழில் ஒரு சின்னப் பிள்ளையைக் கேட்டார். பிள்ளை "பாம்பு" என்றது. நல்லவேளை, லாட்டரி நம்பர் புத்தகத்தில் பாம்புக்கும் ஒரு நம்பர் இருந்தது.

சேதி கேள்விப்பட்டு, காரை நிறுத்த இடமில்லாமல் செம்பனை ஓரம் விட்டுவிட்டு, சேற்றில் நடந்து வந்து சேர்ந்தார் டாக்டர் சுபாஷினி. ஊசி போடும் டாக்டர் இல்லை. ஈப்போவில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுப்பவர், வகுப்பறைத் தொழில்நுட்பத்தில் ஆராய்ச்சி செய்து டாக்டர் ஆனவர். இருபது வருடமாகப் பேராக் முழுக்கப் பள்ளி பள்ளியாக ஏறி இறங்கியிருக்கிறார். அவருடைய பயிற்சிக்கு வந்தவர்கள் கரிபாப் சாப்பிட்டார்கள், படம் எடுத்தார்கள், சான்றிதழ் வாங்கினார்கள், வீட்டுக்குப் போனார்கள். பல பள்ளிகளில் ஸ்மார்ட் போர்டின் மேலேயே கால அட்டவணையை ஒட்டி வைத்தார்கள். வழவழப்பாக இருக்கிறது, டேப் நன்றாகப் பிடிக்கிறது என்று பாராட்டும் வந்தது.

கற்றுக்கொண்டதை வகுப்பில் செய்து காட்டியவர் ஒரே ஒருவர்தான், இந்தப் பள்ளியின் ரோசரி டீச்சர். ஐம்பது தாண்டியவர். போர்டில் வட்டமாக ஒரு ரொட்டி சானாய் வரைந்து, விரலாலேயே வெட்டி வெட்டிப் பின்னம் சொல்லிக்கொடுப்பார். பின்னம் என்றாலே வயிற்றுவலி லீவு எடுத்த பிள்ளைகள் இப்போது அரையையும் காலையும் கூட்டின. சுபாஷினியின் இருபது வருட உழைப்புக்கு உயிருள்ள சாட்சி அந்த ஒரு வகுப்புதான்.

அந்த ரோசரி டீச்சர் வகுப்பு வாசலில் கைகட்டி நின்றார்.

"டாக்டர், நான் இனிமே அதத் தொடமாட்டேன் லா. மாதா மேல சத்தியமா. நான் அரை ரொட்டி வெட்டுனா, அது பக்கத்துல வந்து கால் ரொட்டி வெட்டுது!"

"ஏதாச்சும் கோளாறா இருக்கும் டீச்சர்."

"கோளாறுக்குப் பின்னம் தெரியுமா?"

தலைமையாசிரியர் மகேந்திரன் வேகமாக வந்தார். "டாக்டர், கவலையே வேணாம். ஆளுக்குச் சொல்லியாச்சு. இப்ப வந்துருவாரு."

"எந்தக் கம்பெனி சார்?"

"கம்பெனி இல்ல டாக்டர். சாமி."

வந்தார் மின்காந்தச் சித்தர் யுகேந்திர சுவாமி. காவி வேட்டி, கழுத்தில் உருத்திராட்சம், காதில் புளூடூத். முந்தின அவதாரத்தில் பீடோரில் தண்ணீர் வடிகட்டி விற்றவர். "கம்பி இல்லாம வர்ற பேயக் கம்பி இல்லாமத்தான் பிடிக்கணும்" என்றார். பெற்றோர் சங்கத் தலைவர் சன்னாசி அண்ணன் உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

சாமி, மஞ்சள் துணி சுற்றிய பாட்டிலை எடுத்தார். இமயமலைத் தீர்த்தமாம். புஸ் புஸ் என்று போர்டின் சட்டத்தைச் சுற்றி அடித்தார். மெத்தென்ற துணியால் நாலு பக்கமும் துடைத்தார். என்ன ஆச்சரியம்! கோடு நின்றது. சுழி நின்றது. "அரோகரா!" என்று வேலிக்கு வெளியேயிருந்து சத்தம். பீடோர் அங்கிளுக்கு மட்டும் வருத்தம். அவருக்கு இன்னும் ஒரு நம்பர் வேண்டியிருந்தது.

பிறகு சாமி போர்டின் சுவிட்சை அணைத்தார். சட்டத்தில் கீழே ஒரு வரிசை, பக்கத்தில் ஒரு வரிசை என்று சந்தனமும் குங்குமமும் குழைத்துக் காப்புப் பொட்டு வைத்தார். "கிராணி தூங்குறாரு. இன்னிக்கு யாரும் திறக்கப்படாது."

மறுநாள் திறந்தார்கள். கிராணி நன்றாகத் தூங்கி எழுந்து, முன்னைவிடச் சுறுசுறுப்பாக எழுதினார். சாமி திரும்ப வந்தார். தீர்த்தம், துடைப்பு, அமைதி, பொட்டு. அதற்கு மறுநாளும் அதே கதை. ஒவ்வொரு முறையும் சாமிக்குப் பணம் வைத்துக் கொடுக்கும் அங்பாவ் உறை கொஞ்சம் தடித்தது. மருந்து சாப்பிடச் சாப்பிட வியாதி முற்றினால் வைத்தியரை மாற்றுவோம். சாமி விஷயத்தில் மட்டும் வியாதியைப் பெரிசாக மதிக்க ஆரம்பித்துவிடுவோம்.

மூன்றாம் தடவை சாமி தீர்ப்புச் சொன்னார். "கிராணிக்கு போர்டு ரொம்பப் பிடிச்சிருச்சு. இனிமே போகமாட்டாரு. சனிக்கெழம லூமுட்டுக்குக் கொண்டுபோயி கடல்ல கரைச்சிர்றேன். லாரி என் செலவு. சேவைதானே! போன மாசம் ஆயர் தாவார் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்து போர்டையும் அப்படித்தான் கரைச்சேன்."

"போர்டு கரையுமா சாமி?" என்றார் சன்னாசி அண்ணன்.

"பக்தி இருந்தா கரையும்."

சுபாஷினிக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்தப் போர்டு போனால் அடுத்தது எப்போது வருமோ, யார் கண்டார்? ரோசரி டீச்சர் பழையபடி சாக்கட்டிக்குப் போய்விடுவார். பிள்ளைகள் பழையபடி வயிற்றுவலிக்குப் போய்விடுவார்கள். சனிக்கிழமைக்குள் ஏதாவது செய்தாக வேண்டும்.

ஆராய்ச்சியாளர் என்ன செய்வார்? ஸ்லைடு செய்வார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெற்றோர் கூட்டத்தில் 'அறிவியல் மனப்பான்மை: ஓர் அறிமுகம்' என்று ஆரம்பித்தார். நோக்கம், துணை நோக்கம், எதிர்பார்க்கப்படும் அடைவு. அம்புக்குறி வட்டம் ஒன்று வந்தது. அதற்குள் இன்னொரு வட்டம் வந்தது. முன்வரிசையில் சன்னாசி அண்ணன் குறட்டை விட்டார். கடைசியில் சாமி எழுந்தார்.

"டாக்டரம்மா ஸ்லைடப் பாத்து கிராணியே தூங்கிட்டாரு. என் தீர்த்தத்தவிடப் பவரு!"

கூரை அதிரச் சிரித்தார்கள். இருபது வருடத்தில் சுபாஷினி பேசிய கூட்டத்தில் இவ்வளவு சிரிப்பு வந்ததே கிடையாது. வந்ததும் அவருக்காக இல்லை.

சனிக்கிழமை காலை லாரி வந்து நின்றது. கூட்டம் முன்னைவிடப் பெரிசு. வழியனுப்ப மேளம்கூட வந்திருந்தது. கிராணி கடைசியாக ஒரு நம்பர் கொடுத்துவிட்டுப் போகட்டும் என்று போர்டைத் திறந்து வைத்திருந்தார்கள். ரோசரி டீச்சர் ஓரமாக நின்று மூக்கை உறிஞ்சினார். சுபாஷினி கையில் ஸ்லைடு இல்லை, மைக் இல்லை. சொல்ல ஒன்றுமில்லாததால், முதல் தடவையாகப் பேயைப் பற்றி ஒரு கேள்வி கேட்டார்.

"டீச்சர், இது என்னிக்கு ஆரம்பிச்சிச்சு?"

"சரஸ்வதி பூசைக்கு மறுநாளு டாக்டர். நல்லா ஞாபகம் இருக்கு. எல்லாச் சாமானுக்கும் பொட்டு வச்சோம். கம்ப்யூட்டருக்கு, பெல்லுக்கு, சாரோட ஸ்டேப்ளருக்கு. போர்டுக்கும் சுத்திச் சுத்தி வச்சோம். சாமிக்கும் பேய் அடங்கலன்னதும் நான் பயந்துபோயி செபமாலைய மாட்டுனேன். பீடோர் அங்கிள் ஒரு மஞ்சக் காயிதம் ஒட்டுனாரு."

சுபாஷினி போர்டைப் பார்த்தார். சட்டம் முழுக்கச் சந்தனம், அதன்மேல் செபமாலை, பக்கத்தில் மஞ்சள் காகிதம். சமய நல்லிணக்கத்துக்கு இதைவிட நல்ல படம் கிடைக்காது. இந்தச் சட்டத்தில் ஒரு தூசு படக்கூடாது என்று பயிற்சிப் புத்தகத்தில் எழுதியவரே அவர்தான். எத்தனையோ பக்கம் தாண்டி, யாரும் திருப்பாத மூலையில் எழுதியிருந்தார். தலையில் அடித்துக்கொண்டார்.

"சாமி, ஒரு நிமிஷம்! கிராணிகிட்ட நானும் கொஞ்சம் பேசணும்."

"தாராளமா பேசுங்க. ஆனா அவரு டாக்டருக்கெல்லாம் கட்டுப்படமாட்டாரு."

சுபாஷினி செபமாலையைக் கழற்றி டீச்சர் கையில் கொடுத்தார். காகிதத்தை உரித்தார். கைக்குட்டையை நனைத்துச் சட்டத்தை வழித்துத் துடைத்தார். மந்திரம் இல்லை, தீர்த்தம் இல்லை. பைப்புத் தண்ணீர். கோடு நின்றது.

கூட்டம் கொஞ்சம் அசைந்தது. சாமி சிரித்தார். "நான் போட்ட மந்திரம் இப்பத்தான் வேலை செய்யுது."

"சந்தோஷம். இப்ப நீங்களே பொட்டு வைங்க. ஆனா சட்டத்துல வேணாம். போர்டு முதுகுல வைங்க, எவ்ளோ வேணும்னாலும் வைங்க. கிராணிக்கு முதுகென்ன, முகமென்ன?"

சாமிக்கு வியர்த்தது. கூட்டம் பார்க்கிறது, வைக்காமல் இருக்க முடியாது. முதுகு முழுக்க வைத்தார். போர்டு சும்மா இருந்தது. வெள்ளைத் திரை, ஒரு புள்ளி இல்லை.

"இப்பப் பாருங்க," என்று சுபாஷினி கேண்டீன் பிரமிளா அக்காவின் பக்கம் திரும்பினார். "அக்கா, அந்தக் காயா டப்பாவக் குடுங்க."

ரொட்டிக்குத் தடவும் காயாவை விரலில் எடுத்து, சட்டத்தின் அடியில் ஒரு அப்பு, பக்கத்தில் ஒரு அப்பு அப்பினார். திரையில் புள்ளி துடித்தது. பக்கத்துக் காயா மெல்ல வழிந்தது. அதோடு கோடும் இறங்கியது.

"ஐயோ, கிராணி!" என்று யாரோ கத்தினார்கள்.

"கிராணி இல்லண்ணே, காயா! இந்தச் சட்டத்துக்குள்ள கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் குறுக்கயும் நெடுக்கயும் ஓடுது. நம்ம விரல் நடுவுல வந்தா, அந்த எடத்துல போர்டு எழுதும். மறைக்கிறது வெரலா, சந்தனமான்னு அதுக்குத் தெரியாது."

"அப்ப ஏன் கணக்குப் பாடத்துல மட்டும் வந்துச்சு?" சன்னாசி அண்ணன் விடவில்லை.

ரோசரி டீச்சர் வாயில் கை வைத்தார். "அலாமாக்! கணக்குக்கு மட்டும்தானே லா நான் போர்டத் திறப்பேன்!"

அவ்வளவுதான். பிள்ளைகள் வரிசை கட்டிவிட்டன. ஒன்று கரிபாப் உருளைக்கிழங்கை ஒட்டியது, பேய் வந்தது. ஒன்று சம்பல் தடவியது, பேய் வந்தது. ஒன்று தன் மூக்கையே சட்டத்தில் வைத்துத் தேய்த்தது, அதற்கும் வந்தது. "டீச்சர், என் மூக்குல பேய் இருக்கு!"

சிரிப்பு அடங்குவதற்குள் சாமி பாட்டிலை இடுப்பில் செருகிக்கொண்டு நழுவப் பார்த்தார். சுபாஷினி மறித்து, அந்த மஞ்சள் துணியை உருவினார். உள்ளே நீலப் பாட்டில். 'திரை துப்புரவுத் திரவம், குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்' என்று மலாய் மொழியில் அச்சடித்திருந்தது.

"இமயமலையில ஹார்டுவேர் கடை இருக்கா சாமி?"

சன்னாசி அண்ணன் அதற்குள் லாரிப் பக்கம் போய்விட்டார். சந்தேகத்தினால் இல்லை. கடலுக்குத் தானும் போகலாமா, முன்னால் இடம் இருக்கிறதா என்று பார்க்கத்தான் போனார். பார்த்தவர், தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு அப்படியே நின்றார். உள்ளே இன்னொரு ஸ்மார்ட் போர்டு. மூலையில் ஆயர் தாவார் பள்ளி ஒன்றின் சின்னம். அதன்மேல் 'யுகா டியூஷன் செண்டர், ஈப்போ, ஸ்மார்ட் வகுப்பு' என்று புத்தம்புது ஸ்டிக்கர் பாதி ஒட்டியிருந்தது.

"சாமி," என்றார் சன்னாசி அண்ணன் மெதுவாக, "இது கரையலையே?"

"பக்தி பத்தல," என்று சாமி முணுமுணுத்தார். அதுதான் அவர் கடைசியாகச் சொன்ன அருள்வாக்கு. ஆயர் தாவார் வேன்காரர்கள் சுற்றி நின்றுகொண்டார்கள். அது அவர்கள் பிள்ளைகளின் போர்டு. தலைமையாசிரியர் போலீசுக்குப் போன் போட்டார். மேளக்காரர்கள் எதற்கு அடிப்பது என்று தெரியாமல் நின்று, கடைசியில் போலீஸ் வண்டி வந்ததும் நன்றாகவே அடித்தார்கள்.

திங்கட்கிழமை ரோசரி டீச்சர் போர்டைத் திறந்தார், ரொட்டியை வெட்டினார். அரையும் காலும் முக்கால் என்று வகுப்பே கத்தியது. கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த சுபாஷினி குறிப்பெடுக்க மறந்துபோய்ப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பள்ளியில் இருப்பவர்கள் எல்லாரும் ஆசிரியர்கள். வருடம் முழுக்கக் கேள்வித்தாள் தயாரித்து, விடை தெரியாத பிள்ளையைச் சிவப்புப் பேனாவால் வெட்டுபவர்கள். கூடவே ஒரு டாக்டர் வேறு. 'என்னிக்கு ஆரம்பிச்சிச்சு?' என்று கேட்க அத்தனை பேருக்கும் சேர்ந்து ஒரு வாரம் ஆனது. செத்துப்போன கிராணி கணக்குப் போடுவார் என்று நம்பினோமே, உயிரோடு இருக்கிற நாம் கொஞ்சம் போட்டுப் பார்த்தால் குறைந்தா போய்விடுவோம்?