எனக்குக் கட்ட வந்த பரிவட்டம்

வெறும் மேலோடு ஆயிரம் பேருக்கு நடுவில் நிற்பது எனக்குப் புதிதல்ல. யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவில் ஆண்கள் எல்லோரும் அப்படித்தான் நிற்போம். யாரும் என்னைத் திரும்பிப் பார்த்ததில்லை. (பார்க்கும்படியான உடம்பும் அல்ல. விலா எலும்புகளை எண்ணிப் பிள்ளைகள் கணக்குப் படிக்கலாம்.) அதே உடம்பு, தொண்ணூறுகளில் ஒரு நவம்பர் ஞாயிற்றுக்கிழமை, ரொறன்ரோவில் ஒரு சீக்கியக் குருத்வாராவையே திரும்பிப் பார்க்க வைத்தது. இதை நானே சொல்லிவிடுவது நல்லது. என் மனைவி சொன்னால் இன்னும் நாலு பேரைக் கூட்டிச் சொல்வாள்.

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. ரொறன்ரோவின் மல்வேர்ன் பகுதியில் ஓர் அப்பார்ட்மென்டில் மூன்று பேரோடு ஒட்டிக்கொண்டு, பிளாஸ்டிக் வாளி செய்யும் தொழிற்சாலையில் தற்காலிக வேலை பார்த்தேன். பதிவுத் திருமணம் முடித்துப் பதினோராம் நாள் விமானம் ஏறியவன் நான். வதனி கொழும்பில் ஒரு வாடகை அறையில் இருந்து வாரம் ஒரு கடிதம் போட்டாள். அவளைக் கூப்பிட ஸ்பொன்சர் போடவேண்டும். நிரந்தர வேலைக் கடிதம் இருந்தால்தான் விஷயம் நகரும் என்று எல்லோரும் சொன்னார்கள். அந்தக் கடிதம் யாருக்கு என்று தீர்மானிப்பவர் எங்கள் சூப்பர்வைசர் பல்தேவ் சிங்.

சர்தார்ஜி ஆறடி உயரம், நீலத் தலைப்பாகை. காலை ஆறு மணிக்கு மெஷின்களைச் சுற்றிப் பார்த்தபடி உதட்டுக்குள் ஏதோ முணுமுணுப்பார். முதல் இரண்டு வாரமும் என்னைத்தான் திட்டுகிறார் என்று நினைத்து, அவர் வரும்போதெல்லாம் வாளிகளை அவசர அவசரமாக அடுக்கினேன். பிறகுதான் தெரிந்தது, அது அவருடைய காலைப் பிரார்த்தனை. விடியமுன் குளித்துவிட்டு வீட்டில் தொடங்குவாராம். காரில் உறைந்த பனியைச் சுரண்டுவதில் நேரம் போய்விட்டால் மிச்சம் எங்கள் மெஷின்களுக்கு நடுவில் முடியும். அந்த நேரம் முதலாளியே கூப்பிட்டாலும் ஒரு விரலை உயர்த்துவார். முடிந்த பிறகுதான் பேச்சு.

ஒரு வெள்ளிக்கிழமை அவர் என்னிடம் வந்து, "ஞாயிற்றுக்கிழமை குரு நானக் பிறந்தநாள். எங்கள் குருத்வாராவுக்கு வா" என்றார். (ஆங்கிலத்தில்தான். இருவருக்கும் பொதுவான, இருவருக்கும் சரிவராத ஆங்கிலம்.) கடிதம் தருகிற மனிதர் கோயிலுக்குக் கூப்பிடுகிறார்!

என் அறைத்தோழர் செல்வண்ணை கனடாவில் நாலு வருடம் மூத்தவர். அவருக்குத் தெரியாத விஷயம் என்று ஒன்று இருந்தால் அது அவருக்குத் தெரியாது.

"அண்ணை, அங்கை என்ன செய்யவேணும்?"

"உதிலை என்னடாப்பா யோசிக்கக் கிடக்கு? கோயில் எண்டா கோயில்தான். வேட்டியைக் கட்டு. வெறுங்கையோடை போகாதை. உள்ளுக்கை போகேக்கை சேட்டைக் கழட்டிப்போடு."

"குளிருமே அண்ணை?"

"சாமிக்கு முன்னாலை என்ன குளிர்?"

ஞாயிற்றுக்கிழமை தன் பழைய காரில் என்னைக் குருத்வாரா வாசலில் இறக்கிவிட்டு, "ஷிப்டுக்கு நேரமாச்சு, நான் வாறன்" என்று அண்ணை பறந்துவிட்டார். என் கையில் ஓர் எவர்சில்வர் தட்டு. அதில் தேங்காய், வாழைப்பழம், வெற்றிலை, ஊதுபத்தி.

செருப்புத்தட்டுக்குப் பக்கத்தில் ஜாக்கெட்டைக் கழற்றினேன். சேட்டைக் கழற்றினேன். பெனியனையும் கழற்றினேன். மடித்து வைத்துவிட்டு நிமிர்ந்தால், வெள்ளைத் தாடிக்காரர் ஒருவர் செம்மஞ்சள் துணி ஒன்றை என் தலையில் கட்ட வந்தார்.

நான் திகைத்துப் போனேன். எங்கள் கோயில்களில் தலையில் துணி கட்டுவது என்றால் அது பரிவட்டம். திருவிழாச் செலவை ஏற்கும் உபயகாரருக்கு மட்டும் ஐயர் கட்டிவிடும் மரியாதை. மற்றவன் தலையில் துணியோடு நின்றால் அது சாமியை அவமதிப்பது. நான் யார்? வாளி அடுக்குபவன். "நோ, நோ சேர்" என்று பணிவோடு குனிந்து தப்பினேன். அவர் மறுபடியும் கொண்டுவந்தார். மறுபடியும் குனிந்தேன். ஒரு நிமிடம் இருவரும் அப்படியே குனிந்தும் எட்டியும் நின்றோம். கடைசியில் அவர் மனம் நோகக்கூடாது என்று துணியை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றி, நம் முறைப்படி இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டேன்.

பிறகு தட்டை ஏந்திக்கொண்டு மண்டபத்துக்குள் நடந்தேன். ஒரு பக்கம் ஆண்கள், மறு பக்கம் பெண்கள், நடுவில் நீண்ட கம்பளம், அதன் முடிவில் அவர்களுடைய புனித நூல். தபேலாவோடு பாட்டு நடந்துகொண்டிருந்தது. தாடிக்காரர் இன்னொரு துணியோடு என் பின்னால் ஓடி வந்தார். சாமிக்குக் குடை பிடித்து வருவது போல இருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. தபேலா ஓரிடத்தில் தாளம் தவறியது என் காதிலும் விழுந்தது. புதியவராக்கும் என்று நினைத்தேன்.

தட்டை வைத்துவிட்டு நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிட்டேன். வேட்டி விலகி, உள்ளே போட்டிருந்த சாம்பல் நிறக் குளிர்காலக் காற்சட்டை முழங்கால்வரை தரிசனம் கொடுத்தது. எழும்பித் திரும்பினேன். அப்போதுதான் கண்டேன், அத்தனை ஆண்களின் தலையிலும் துணி. அத்தனை பெண்களின் தலையிலும் துணி. கைக்குழந்தைக்கும் துணி. அங்கே தலை திறந்தவன் நான் ஒருவன்தான். மேல் திறந்தவனும் நான் ஒருவன்தான்.

எதிரில் பல்தேவ் சிங் நின்றார். உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. நான் வாயைத் திறக்க, ஒரு விரலை உயர்த்தினார். வதனியின் ஸ்பொன்சர் அந்தக் கம்பளத்திலேயே முடிந்தது என்று நினைத்தேன். கண் கலங்கிவிட்டது.

அவர் தன் சால்வையை எடுத்து என்னைப் போர்த்தினார். தாடிக்காரரிடம் துணியை வாங்கி என் தலையில் கட்டினார். இந்த முறை நான் குனியவில்லை.

கீழே, எல்லோருக்கும் சாப்பாடு போடும் கூடத்தில், சேட்டைப் போட்டுக்கொண்டு, ரொட்டியும் பருப்பும் முன்னால் இருக்க, பரிவட்டத்தின் கதையைத் திக்கித் திணறிச் சொன்னேன். சர்தார்ஜி கேட்டுவிட்டுப் பஞ்சாபியில் சொன்னார். வரிசையே சிரித்தது. தாடிக்காரர் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்துவிட்டு எனக்கு இன்னொரு ரொட்டி போட்டார். நான் வெட்கத்தில் இருநூறு தட்டுக் கழுவினேன்.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு அவர் முணுமுணுத்தபடி என் மெஷினடிக்கு வந்தார். விரலை உயர்த்தினார். அந்தப் பிரார்த்தனைபோல நீளமான ஒன்றை நான் இன்றுவரை கேட்டதில்லை. முடிந்ததும் ஓர் உறையை நீட்டினார். வேலைக் கடிதம். கையெழுத்து வெள்ளிக்கிழமைத் திகதியில் இருந்தது.

"இதை ஞாயிற்றுக்கிழமை நல்ல நாளில் தரத்தான் உன்னைக் கூப்பிட்டேன். கொண்டும் வந்தேன். ஆனால் வைக்க உனக்குப் பொக்கெட் இருக்கவில்லை" என்றார்.

அடுத்த வருடம் வதனி வந்து இறங்கினாள். விமான நிலையத்துக்குக் கார் ஓட்டியவரும் அவர்தான். வீடு வந்து சேருமுன்னரே, ஸ்டியரிங்கை விட்டுவிட்டு நடித்து நடித்து அவளுக்கு முழுக் கதையும் சொல்லிவிட்டார். ஆங்கிலம் பாதி விளங்காமலே அவள் முழுதாகச் சிரித்தாள்.

அந்தக் கோடையில் ஸ்காபரோவில் எங்கள் கோயில் தேருக்கு அவரைக் கூப்பிட்டேன். வாசலில் நான் ஒன்றும் சொல்லுமுன் சேட்டைக் கழற்றி மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, "சரியா?" என்று கேட்டார். கோயில் நிர்வாகி ஒருவர் அவருடைய தலைப்பாகையைப் பார்த்துத் தயங்கினார்.

"தம்பி, தலையிலை உது..."

"அது பரிவட்டம் அண்ணை. உங்கடை உபயகாரருக்கு ஒரு நாளைக்குத்தான். இவருக்கு ஒவ்வொரு நாளும்" என்றேன்.

அவர் வழிவிட்டார்.

இப்போது எங்கள் வீட்டில் குளிர்காலத் தொப்பிக்குப் பெயரே பரிவட்டம்தான். ஒவ்வொரு நவம்பரும் நான் குருத்வாராவுக்குக் கிளம்பும்போது மகள் மாடியில் இருந்து, "அப்பா, பரிவட்டம் ஓகே. ஷேர்ட் இருக்கா?" என்று கத்துவாள். வதனி எனக்குப் பொக்கெட் இல்லாத சேட் வாங்குவதே இல்லை. கடையில் கேட்டால், "ஆர் கண்டது, சர்தார்ஜி இன்னுமொரு கடிதம் கொண்டுவந்தாலும் கொண்டுவருவார்" என்பாள்.