காத்திருப்போர் இல்லாத கிளினிக்

உலகில் காத்திருத்தல் என்னும் கொடுநோயை அடியோடு ஒழித்த இடம் ஒன்று உண்டென்றால், அது மலேசியாவின் கிள்ளானில்தான் இருக்கிறது. அரசாங்கக் கிளினிக். பெயரைச் சொன்னால் கூட்டம் கூடிவிடும். கூட்டம் என்பதே அங்கே கிடையாது என்பதால் பெயர் வேண்டாம்.

இந்தச் சாதனை உச்சத்தில் இருந்த வாரத்தில்தான் லோரி ஓட்டுகிற நாகையா, தன் வலது கால் கட்டைவிரலைக் காட்ட அங்கே வந்து சேர்ந்தார். பதினைந்து வருஷ இனிப்புநீர்க்காரர், அதாவது சர்க்கரை வியாதிக்காரர். விரல் ஓரத்தில் புண், சுற்றிலும் லேசாகக் கறுப்பு. பிரேக் மிதிக்கிற கால் ஆயிற்றே! அது போனால் லோரியும் போச்சு.

வாசலில் நர்ஸ் சந்திரகலா மிசி நின்றுகொண்டிருந்தார். அங்கே இருந்த நம்பர் மெஷினை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள்.

"மிசி, நம்பர் குடுங்கம்மா."

"இப்ப குடுக்க முடியாது அங்கிள். நம்பர் அடிச்ச நிமிஷத்துலேர்ந்து நீங்க காத்திருக்கீங்கன்னு கம்ப்யூட்டர் எழுதிடும். டாக்டர் ரூம் காலியானாத்தான் நம்பர்."

"அப்ப இப்ப நான் என்னா பண்றேன்?"

"இப்ப நீங்க சும்மா நிக்கிறீங்க லா."

என்ன நுட்பம் பாருங்கள்! இதைக் கண்டுபிடித்த மேதை, கிளினிக் நிர்வாகி முத்துக்குமாரு. மூன்று தலைமுறையாக அரசாங்க உத்தியோகம் பார்த்த குடும்பம், மூளைக்குப் பஞ்சமா? ஆறே மீட்டிங்கில், மூன்று மணி நேரமாக இருந்த 'காத்திருப்பு' நான்கு நிமிஷத்துக்கு இறங்கிவிட்டது. அதற்காக ஒரு டாக்டரைக்கூடப் புதிதாகப் போடவில்லை. இருந்த நாற்காலிகளில் பாதியை ஸ்டோருக்கு அனுப்பினார், அவ்வளவுதான்.

வெளியே ஆட்கள் வரிசை பிடித்தால் ஷா ஆலம் தலைமையக அதிகாரிகள் கண்ணில் பட்டுவிடுமே என்ற கவலை இருந்தது. அதற்கும் வழி செய்தார். ஆட்களுக்குப் பதில் அவர்களுடைய செருப்புகள் வரிசையில் நிற்கலாம் என்று பெரிய மனசு பண்ணி அனுமதித்தார். 'செருப்பு நோயாளி அன்று' என மீட்டிங் குறிப்பிலும் ஏற்றியாயிற்று.

நாகையாவும் செருப்பைக் கழற்றி நாற்பத்து மூன்றாவதாக வைத்துவிட்டு, வெறுங்காலோடு தார் ரோட்டைக் கடந்து எதிர்க்கடை நிழலில் போய் உட்கார்ந்தார். வெயிலில் தார் கொதித்துக் கிடந்தது. மரத்துப்போன காலுக்கு அது எங்கே தெரியும்? கிளினிக் சுவரில் 'இனிப்புநீர் நோயாளிகளே, வெறுங்காலில் நடக்காதீர்!' என்று நான்கு மொழிகளில் போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். நல்ல கலர்.

அன்றைக்குச் செருப்பு இருபதாவது இடத்துக்கு வந்தபோது கிளினிக்கை மூடிவிட்டார்கள். மறுநாளும் அதே கதை. மூன்றாம் நாள் விரல் முழுக்கக் கறுத்து, வாடை கிளம்பியது. நாகையா, காரிலிருந்து இறங்கிய முத்துக்குமாருவை வழிமறித்தார்.

"சார், ஒரு வாட்டி பாருங்க சார். இந்த வெரல் போச்சுன்னா நான் லோரி ஏற முடியாது. எனக்கு வேற தொழில் தெரியாது சார்."

முத்துக்குமாரு மூக்கைப் பொத்திக்கொண்டு, உண்மையான வருத்தத்தோடு குனிந்து பார்த்தார். "ஐயோ பாவம். ஆனா உள்ளுக்கு வந்தாத்தானே அண்ணே அது எங்கட கால்? வெளியில நிக்கிற வரைக்கும் அது உங்கட கால்."

நியாயம்தானே! கண்ட கண்ட காலுக்கெல்லாம் இரக்கப்பட்டால் புள்ளிவிவரம் என்ன ஆவது?

நாலாம் நாள் விடியுமுன்னே வந்து செருப்பை வைத்து, நாகையா ஒருவழியாக நம்பர் வாங்கினார். மூன்றே நிமிஷம்! டாக்டர் விரலில் சுற்றியிருந்த துணியைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "ஏன் அங்கிள் இவ்வளவு லேட்டா வந்தீங்க?" என்று திட்டிக்கொண்டே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரியில் விரலை எடுத்துவிட்டார்கள். அடுத்த வாரம் முதலாளி லோரிச் சாவியை வேறு ஆளிடம் கொடுத்தார்.

இரண்டு மாதம் கழித்துக் கிளினிக்குக்கு விருது அறிவித்தார்கள். கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்ததில், ஆகக் குறைந்த நேரம் காத்திருந்தவர் நாகையாதான்! மேடையில் நன்றி சொல்ல அவரையே அழைத்தார்கள். ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு ஏறினார்.

"நம்பர் வாங்கி மூணே நிமிஷம். பொய் இல்ல," என்றார் மைக்கில்.

மண்டபமே கைதட்டியது. முத்துக்குமாருவுக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. "விருதைப் பற்றியும் ரெண்டு வார்த்தை சொல்லுங்க அண்ணே," என்று காதோரம் கெஞ்சினார்.

நாகையா பளபளக்கும் கேடயத்தை ஒரு முறை பார்த்தார்.

"இதுக்கு என் வெரலக் குடுத்திருக்கேன் சார். அடுத்த வருஷமும் வேணும்னா சொல்லுங்க, இன்னும் ஒம்பது இருக்கு."